மணித்தியாலக் கணக்கும் மானக் கணக்கும்

உழைத்துச் சாப்பிட வேண்டும் என்பது எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லித்தரப்பட்ட அறம். எவரிடமும் கையேந்தக்கூடாது என்பது அதன் மறுபாதி. புலம்பெயர்ந்து வந்த பின்னரும் இந்த இரண்டையும் நாம் கைவிடவில்லை. மொழியை விட்டுக்கொடுத்தவர்கள்கூட இதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஓர் அறம் எல்லோருக்கும் ஒரேமாதிரி இலகுவாக இருப்பதில்லை. சிலருடைய வாழ்க்கையில் அது உடைந்துபோகிறது. அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் அது அறமா அல்லது வெறும் வழக்கமா என்பது தெரியவரும்.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். துணையில்லாமல் வயிற்றில் பிள்ளையுடன் இருக்கும் ஒரு பெண், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலைக்குப் போகவேண்டும்? கூடுதலாக வேலை செய்தால் அரசாங்க உதவி குறையும். குறைவாகச் செய்தால் பிள்ளை பிறந்த பின் கிடைக்கவேண்டிய மகப்பேற்றுச் சம்பளம் இல்லாமற்போகலாம். ஆகவே அவள் கணக்குப் பார்க்கிறாள். பதினாறா, இருபதா, இருபத்தைந்தா என்று எண்ணுகிறாள். இப்படி எண்ணுவது ஒழுக்கக் கேடா? எங்களில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். உதவிப்பணம் எடுத்தால் 'அரசாங்கக் காசிலே சீவிக்கிறாள்' என்கிறோம். இரண்டு இடத்தில் வேலை செய்தால் 'வயிற்றுப்பிள்ளையையும் பாராமல் காசுக்கு ஓடுகிறாள்' என்கிறோம். இரண்டுக்கும் நடுவிலே ஒரு எண்ணைத் தேடிப் பிடித்தால் 'சட்டத்தின் ஓட்டை தெரிந்த கெட்டிக்காரி' என்கிறோம். அவள் பழி இல்லாமல் நிற்கக்கூடிய ஒரு மணித்தியாலத்தை நாம் இன்னும் அவளுக்குக் காட்டவில்லை.

இவள் யார்? கணவன் இறந்தவளாக இருக்கலாம். கணவன் திருப்பி அனுப்பப்பட்டவளாக இருக்கலாம். அடித்து உதைத்தவனை விட்டு வெளியேறியவளாக இருக்கலாம். மணம் செய்யாமலே பிள்ளையைச் சுமப்பவளாகவும் இருக்கலாம். எங்கள் கலியாண மண்டபங்களில் இவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலாமவளுக்கு அனுதாபம், இரண்டாமவளுக்கு ஆறுதல், மூன்றாமவளுக்குப் புத்திமதி, கடைசியானவளுக்கு மௌனம். அவளுடைய கோப்பைத் திறக்கும் அலுவலகம் இந்த வரிசையைக் கேட்பதில்லை. பிள்ளை எப்படி வந்தது என்று அது விசாரிப்பதில்லை. தனியாக இருக்கிறாயா, எவ்வளவு உழைக்கிறாய் என்று மட்டுமே கேட்கிறது. அந்த ஒரு விடயத்தில் அந்த அலுவலகம் எங்கள் மண்டபங்களைவிட ஒழுக்கமானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது கேட்கும் மற்றக் கேள்விகளில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். 1992 ஏப்ரலில், வேலை செய்யும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உதவிக்குரிய எல்லை கிழமைக்கு 24 மணித்தியாலத்திலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. பதினாறுக்குக் கீழே நின்றால் ஒரு உதவி, மேலே போனால் இன்னொரு உதவி. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்தும் எங்கள் சனம் லண்டனில் இந்தப் பதினாறை மனப்பாடம் செய்துகொண்டது. உதவிகளின் பெயர்கள் மாறின. 2003இல் ஒரு பெயர், 2013இலிருந்து மெல்ல மெல்ல யூனிவேர்சல் கிறெடிற் என்று இன்னொரு பெயர். பழைய வரிக்கழிவு உதவிகள் 2025 ஏப்ரலோடு முற்றாக முடிந்தன. இப்போது பதினாறு என்ற சுவர் இல்லை. அதற்குப் பதிலாகச் சரிவு ஒன்று இருக்கிறது. உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் உதவியிலிருந்து கழியும். பிள்ளை உள்ளவருக்குச் சம்பளத்தின் முதற்பகுதியை எண்ணாமல் விடுகிறார்கள். ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளை இந்தக் கணக்கிலே பிள்ளை இல்லை. முதல் பிள்ளையைச் சுமப்பவளுக்கு, வேலை செய்யமுடியாத அளவு நோயாளி என்று ஏற்கப்பட்டாலன்றி, முதல் பவுணிலிருந்தே கழிவு. பேறுகாலத்துக்குப் பதினொரு கிழமை இருக்கும்வரை, வேலை தேடு, கூடுதல் மணித்தியாலம் தேடு என்ற கட்டளையும் மற்றவர்களுக்குப் போலவே அவளுக்கும் உண்டு.

இதைவிடக் கூர்மையான இடம் மகப்பேற்றுச் சம்பளம். முதலாளி மூலம் கிடைக்கும் சட்டரீதியான மகப்பேற்றுச் சம்பளத்துக்கு இரண்டு நிபந்தனைகள் முக்கியமானவை. பிள்ளை பிறக்க எதிர்பார்க்கும் கிழமைக்குப் பதினைந்து கிழமை முன்னதாகவே, ஒரே முதலாளியிடம் 26 கிழமை வேலை செய்து முடித்திருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 41 கிழமை. கர்ப்பகாலத்தை வைத்தியர்கள் 40 கிழமை என்று கணக்கிடுகிறார்கள். அதாவது, வயிற்றில் கரு தங்குமுன்னரே அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, ஏறத்தாழ ஐந்தாம் ஆறாம் மாதங்களில் வரும் எட்டுக் கிழமைச் சம்பளத்தின் சராசரி ஒரு குறித்த தொகைக்குக் குறையாமல் இருக்கவேண்டும். 2025-26 ஆண்டில் அந்தத் தொகை கிழமைக்கு 125 பவுண். அதே ஆண்டில் சட்டப்படியான ஆகக்குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 12 பவுண் 21 பென்ஸ். பத்து மணித்தியாலம் வேலை செய்தால் 122 பவுண் 10 பென்ஸ். பதினொன்று செய்தால் 134 பவுண் 31 பென்ஸ். அந்த ஒரு மணித்தியாலத்தின் இடைவெளியில் ஒன்பது மாதச் சம்பளம் நிற்கிறது.

இப்போது இரண்டு பெண்களை நினைத்துப் பார்ப்போம். ஒருத்தி ஒரே அலுவலகக் கட்டடத்தில் கிழமைக்கு இருபது மணித்தியாலம் துப்புரவு வேலை செய்கிறாள். மற்றவள் காலையில் ஒரு இடத்தில் பத்து, மாலையில் இன்னொரு இடத்தில் பத்து. அதே துடைப்பம், அதே முதுகுவலி, அதே கூலி. முதலாமவளுக்கு மகப்பேற்றுச் சம்பளம் உண்டு. இரண்டாமவளுக்கு எந்த முதலாளியிடமும் இல்லை. அவள் அரசாங்கத்திடம் மகப்பேற்று உதவித்தொகை கேட்கவேண்டும். முதல் ஆறு கிழமை கழிந்தால் இருவருக்கும் கிடைப்பது ஒரே தொகைதான். 2025-26இல் அது கிழமைக்கு 187 பவுண் 18 பென்ஸ். ஆனால் இருவரும் யூனிவேர்சல் கிறெடிற்றும் பெறுபவர்களானால் கதை மாறுகிறது. முதலாமவளின் பணம் 'உழைப்பு' என்று பெயர் பெறுகிறது. அதன் ஒரு பகுதியை எண்ணாமல் விட்டு மிகுதியில் 55 வீதம்தான் கழிப்பார்கள். இரண்டாமவளின் பணம் 'உழையாத வருமானம்'. ஒவ்வொரு பென்ஸும் கழிக்கப்படும். வாடகை உதவியும் பெறும் ஒரு தாய்க்கு இந்தப் பெயர் வேறுபாட்டின் விலை மாதத்துக்கு ஏறத்தாழ 590 பவுண்.

ஒரே வேலை, ஒரே பிரசவம், இரண்டு பெயர்கள். இந்தக் கணக்கை அறிந்த பெண் ஒருத்தி ஒரு வேலையை விட்டு மற்ற இடத்தில் மணித்தியாலங்களைக் கூட்டிக் கேட்டால் அது தந்திரமா? கணக்கை முதலில் தொடங்கியவள் அவளல்ல. அவளுடைய நாளை மணித்தியாலமாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சூட்டி, விலை எழுதி வைத்தது சட்டம். விலைப்பட்டியலை வாசிப்பவளைப் பேராசைக்காரி என்று சொல்லமுடியாது. கணக்கு எழுதும் வணிகனை நாம் 'நிர்வாகி' என்கிறோம். வரியைக் குறைக்கக் கணக்காளரிடம் போகிறவரை 'விபரமானவர்' என்கிறோம். கர்ப்பிணி கணக்குப் பார்த்தால் மட்டும் எங்களுக்குக் கூசுகிறது.

அந்தக் கூச்சத்துக்குக் கீழே இருப்பது உழைப்பைப் பற்றிய ஒரு பழைய கருத்தியல். அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காசுக்குப் பார்த்தால் அது வேலை. தன் பிள்ளையைப் பார்த்தால் அது வேலை அல்ல. முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டியைத் தூக்கி இருத்தினால் அது பொருளாதாரத்துக்குப் பங்களிப்பு. எட்டாம் மாதத்தில் தன்னுடலையே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது தனிப்பட்ட விடயம். ஆனால் எந்தப் பொருளாதாரமும் நாளைய தொழிலாளி இல்லாமல் நடப்பதில்லை. அவனைப் பெற்று, பாலூட்டி, பேசக் கற்பித்து அனுப்பும் உழைப்புக்குக் கூலிச்சிட்டை இல்லை என்பதால் அதை உழைப்பல்ல என்கிறோம். எலினோர் ராத்போன் என்ற பெண் இதைப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் பல்லாண்டுகள் வாதாடினார். 1945இல் குடும்பப்படிச் சட்டம் வந்தபோது பணத்தைத் தகப்பன் கையில் கொடுப்பதாகவே முதலில் எழுதியிருந்தார்கள். தாயின் கையில்தான் கொடுக்கவேண்டும் என்று அவர் போராடி மாற்றினார். 1946 ஓகஸ்டில் இரண்டாவது பிள்ளையிலிருந்து கிழமைக்கு ஐந்து சிலிங் தாயின் கைக்குப் போனது. அது பிச்சையாகப் போகவில்லை. ஒரு வேலைக்கான அங்கீகாரமாகப் போனது.

அந்த அங்கீகாரம் நிலையாக நிற்கவில்லை என்பதும் உண்மை. 1992இல் பழமைவாதக் கட்சி மாநாட்டில் சமூகநல அமைச்சர் பீற்றர் லில்லி, வீட்டு வரிசையில் முந்துவதற்காகக் கர்ப்பமாகும் இளம்பெண்கள் என்று ஒரு வேடிக்கைப் பாட்டுப் பாடிக் கைதட்டு வாங்கினார். 1997 டிசம்பரில், தனித்தாய்களுக்கான மேலதிக உதவியை வெட்டியது தொழிற்கட்சி அரசு. கட்சி மாறினாலும் கை நீள்வது அதே மடியை நோக்கித்தான்.

கையேந்தல் என்ற சொல்லுக்கு வருவோம். அரசிடம் பெறுவது அவமானம் என்ற எண்ணம் எங்கள் ஊரிலிருந்து வந்ததா? நாம் அப்படி நினைக்கவில்லை. 1945இலிருந்து இலவசக் கல்வி பெற்றவர்கள் நாம். கூப்பன் அரிசி தின்று வளர்ந்தவர்கள். கிளினிக்குக்குப் போன கர்ப்பிணிகளுக்குத் திரிபோஷாப் பைக்கற் கொடுத்தார்கள். குடும்பநல மாது சைக்கிளில் வீடு தேடி வந்தாள். அந்தப் பைக்கற்றை வாங்கிய எந்தத் தாயையும் பிச்சைக்காரி என்று யாரும் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை. வாத்தியாரின் மனைவியும் வாங்கினாள், கூலிக்காரனின் மனைவியும் வாங்கினாள். எங்களை ஒடுக்கிய அரசிடமிருந்துகூட அதை உரிமை என்று பெற்றோம். ஆகவே இந்த வெட்கம் எங்கள் மரபல்ல. இங்கே வந்தபின் கற்றுக்கொண்டது. அகதி என்ற சொல்லை எங்கள்மேல் ஏசலாக எறிந்தவர்களுக்கு நாம் நல்ல அகதிகள் என்று நிரூபிக்கப்போய், எங்களுக்குள்ளே மிகப் பலவீனமானவர்களை ஆள்காட்டத் தொடங்கிவிட்டோம்.

சுவிஸில் இந்த அச்சத்துக்குச் சட்டத்திலேயே ஆதாரம் இருக்கிறது. 2018இலிருந்து, குடியுரிமைக்கு விண்ணப்பிக்குமுன் மூன்று ஆண்டுகளில் சமூக உதவி பெற்றவர், அதை முழுதும் திருப்பிக் கட்டினாலொழிய, பொதுவாகத் தகுதியற்றவர். 2019இலிருந்து நிரந்தர வதிவிட அனுமதியைக்கூடக் கீழிறக்கலாம். அங்கே ஒரு தனித்தாய் 'சோசல்' எடுக்கத் தயங்குவதை வெட்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவளுடைய பிள்ளையின் கடவுச்சீட்டே அந்தக் கணக்கில் இருக்கிறது. இதே நாட்டில் மகப்பேற்றுக் காப்புறுதி அமைக்கவேண்டும் என்று 1945இல் அரசியலமைப்பில் எழுதியும், அது நடைமுறைக்கு வர 2005 யூலை ஆகிவிட்டது. பதினான்கு கிழமை, சம்பளத்தில் 80 வீதம். அது காப்புறுதி, சோசல் அல்ல. அதைப் பெறுவதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் பெறுவதற்கு, பிரசவத்துக்கு முன்னான ஒன்பது மாதத்தில் குறைந்தது ஐந்து மாதமாவது பதிவிலே வேலை செய்திருக்க வேண்டும். ஜேர்மனியின் சட்டம் ஒரு விடயத்தில் நேர்மையானது. அடிப்படை உதவி பெறும் கர்ப்பிணிக்குப் பதின்மூன்றாம் கிழமையிலிருந்து 17 வீதம் மேலதிகமாகக் கொடுக்கிறது. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் பசிக்கும் என்று அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

பதிவு என்ற சொல் எங்களை இன்னொரு இடத்துக்குக் கொண்டுவருகிறது. எங்கள் கடைகளும் உணவகங்களும் பெற்றோல் நிலையங்களும் அந்த இடம். அங்கே அவளுக்கு ஒரு யோசனை சொல்லப்படுகிறது. 'தங்கச்சி, புத்தகத்திலே எட்டு மணித்தியாலம் போடுவம். மிச்சம் கையிலே தாறன். உனக்கும் உதவிப்பணம் குறையாது.' இதைச் சொல்பவர் கொடியவர் அல்ல. பல வேளைகளில் அவள் வந்த நாளில் படுக்க இடம் கொடுத்தவர், குளிருக்குக் கோட் வாங்கித் தந்தவர். அவள் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் மேலே போட்ட கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். எட்டு மணித்தியாலச் சம்பளம் 125 பவுணைத் தொடாது. மகப்பேற்றுச் சம்பளம் போய்விட்டது. 'உனக்கு ஏலாதுதானே, கொஞ்சம் குறைத்து வா' என்று ஆறாம் மாதத்தில் காட்டும் இரக்கமும் அதே வேலையைச் செய்யக்கூடும். பொதுநிதி பெறமுடியாது என்று விசாவில் குறித்திருக்கும் பெண்ணுக்கு நட்டம் இன்னும் பெரிது. மகப்பேற்றுச் சம்பளமும் மகப்பேற்று உதவித்தொகையும் அந்தப் பொதுநிதிப் பட்டியலில் இல்லை. அவள் பெறக்கூடிய ஒரு சில பணங்களில் அவையும் அடங்கும். கைக்காசு அதையும் தின்றுவிடுகிறது. இத்தனைக்கும் முதலாளி அந்தச் சம்பளத்தைத் தன் பையிலிருந்து கொடுப்பதில்லை. சிறிய முதலாளிகள் கொடுத்த முழுத்தொகையையும் அரசிடமிருந்து திரும்பப் பெறலாம். 2025 ஏப்ரலிலிருந்து அதற்குமேல் 8.5 வீதமும் சேர்த்தே பெற்றார்கள்.

அநீதியான சட்டத்திடம் ஏன் உண்மை சொல்லவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொய் சொல்லாமல் எங்களில் எத்தனை பேர் எல்லை தாண்டினோம்? உயிரைக் காக்கச் சொன்ன பொய்க்கு நாம் தலைகுனியத் தேவையில்லை. அரசுக்கு உண்மை பேசுவது ஒரு புனிதக் கடமை என்றும் நாம் வாதிட வரவில்லை. கேள்வி வேறு. பொய்யின் சாவி யாருடைய கையில் இருக்கிறது? எல்லையில் சொன்ன பொய் அவளை ஒருவரிடமிருந்து விடுவித்தது. கடையில் எழுதிய பொய் அவளை ஒருவரிடம் கட்டிப்போடுகிறது. கூலி குறைந்தால் அவள் பேசமுடியாது. ஒன்பதாம் மாதமும் மூட்டை தூக்கச் சொன்னால் மறுக்கமுடியாது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிறுத்துவது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்துக்கு முரணானது என்று தெரிந்தாலும் முறையிடமுடியாது. கர்ப்பகாலப் பரிசோதனைக்குச் சம்பளத்தோடு விடுப்புப் பெறும் உரிமை முதல்நாள் வேலையிலிருந்தே உண்டு. ஆனால் அதைக் கேட்க வாய் வராது. அகப்பட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டுபவளும், நன்னடத்தை பார்க்கும் குடியுரிமைப் படிவத்தில் பதில் எழுதவேண்டியவளும் அவள்தான். அண்ணைக்குத் தண்டம் வரலாம். அவளுக்கு நாடு போகலாம். எனவே அவள் பொய் சொல்லக்கூடாது என்று நாம் சொல்வதற்குக் காரணம், அரசு அந்த உண்மைக்குத் தகுதியானது என்பதல்ல. அந்தப் பொய் அவளுடையதே அல்ல என்பதுதான். அது வேறொருவரின் இலாபத்துக்காக அவள் பெயரில் எழுதப்படும் பொய்.

மணித்தியாலத்தைக் குறைத்து உண்மையைச் சொல்வதும், மணித்தியாலத்தை மறைப்பதும் ஒன்றல்ல. முன்னதில் அவள் தன் நேரத்தைத் தன் பிள்ளைக்கு ஒதுக்குகிறாள். சட்டம் அனுமதித்த வழியில், கையெழுத்துப் போட்டு, பகிரங்கமாகச் செய்கிறாள். அதிலே களவு இல்லை. எங்கள் சமூகமோ இரண்டையும் தலைகீழாக மதிப்பிடுகிறது. பகிரங்கமாக உதவி பெறுபவளைப் பழிக்கிறது. கைக்காசு கொடுப்பவரைக் கோயில் திருவிழாவில் உபயகாரராக மேடையேற்றுகிறது.

பொன்முடியார் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. பிள்ளையைப் பெற்று வளர்ப்பது தாயின் கடன் என்றும், அவனைச் சான்றோன் ஆக்குவது தகப்பனின் கடன் என்றும், வேல் வடிப்பது கொல்லனின் கடன் என்றும், நல்வழிப்படுத்துவது அரசனின் கடன் என்றும், போருக்குப் போவது மகனின் கடன் என்றும் அது பங்கு பிரிக்கிறது. அந்தப் பாட்டு எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இந்தப் பக்கங்களில் பலர் எழுதிவிட்டார்கள். அதன் வேலையும் யானையையும் நாம் விட்டுவிடுவோம். ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை ஆளாவதற்குப் பல பேர் கடன்பட்டிருக்கிறார்கள் என்று அது ஒத்துக்கொள்கிறது. தாயிடம் அது கேட்பது ஒரு பங்கைத்தான். நாம் தனித்தாயிடம் எல்லாப் பங்கையும் கேட்கிறோம். பெறவும் வேண்டும், உழைக்கவும் வேண்டும், வளர்க்கவும் வேண்டும், யாரிடமும் எதுவும் கேட்காமலும் இருக்கவேண்டும். தனித்தாய் என்ற சொல்லே பிழையானது என்று தோன்றுகிறது. தனிமை அவளுடைய குணமல்ல. கடன்பட்ட மற்றவர்கள் வராமற்போனதன் பெயர் அது.

ஊரிலே பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் இருந்தது. சரக்கு அரைக்க ஒருவர், தண்ணீர் வார்க்க ஒருவர், பிள்ளையைத் தடுக்கில் கிடத்திப் பார்க்க ஒருவர். அந்த முப்பத்தொரு நாளில் துடக்கும் தீட்டும் இருந்தன, சாதியும் இருந்தது. அதை முழுதாகத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை கைகளும் செய்த வேலையை இங்கே ஒரு பெண் இரண்டு துப்புரவு வேலைகளுக்கு நடுவிலே செய்யவேண்டியிருக்கிறது. அந்தக் கைகளுக்குப் பதிலாகத்தான் அந்த உதவிப்பணம் வருகிறது. அதை எண்ணிப் பார்க்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது.

எங்களால் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கடை வைத்திருப்பவர் அவளுடைய முழு மணித்தியாலத்தையும் சம்பளச் சிட்டையில் எழுதலாம். ஆறாம் மாதத்தில் வேலையைக் குறைக்க நினைத்தால் அதனால் சராசரி விழுமா என்று அவளோடு இருந்து பார்த்து, பாரமான வேலையை மாற்றிக்கொடுத்து மணித்தியாலத்தைக் குறைக்காமல் விடலாம். மொழி தெரிந்தவர் அலுவலகத்துக்குக் கூடப்போய் மொழிபெயர்த்துவிட்டு, அங்கே கேட்டதை அடுத்த பிறந்தநாள் விழாவில் சொல்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டில் இருப்பவர் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கலாம். அவள் எத்தனை மணித்தியாலம் வேலை செய்யவேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல வருகிறவர், அதில் எத்தனை மணித்தியாலத்தைத் தான் பொறுப்பேற்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அதைச் சொல்லாத தீர்ப்பை அவள் கேட்கவேண்டியதில்லை.